பட்டினி கிடப்போரும் பந்தாட்டமும்

2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் திருநாள். திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு விளையாட்டரங்கில் இந்தியா 50 ஓவர்களில் 5 விக்கெட் இழப்புக்கு 390 ஓட்டங்கள் குவித்தது. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166, சுப்மன் கில் 116. இலங்கை 73 ஓட்டங்களுக்குச் சுருண்டது. வெற்றி வேறுபாடு 317 ஓட்டங்கள். ஆடவர் ஒருநாள் பன்னாட்டு ஆட்டங்களில் அதுவரை எந்த அணியும் கண்டிராத பெருவெற்றி. ஆயினும் அன்றிரவு மக்கள் பேசியது கோலியைப் பற்றியன்று, காலி இருக்கைகளைப் பற்றி. அரங்கில் பாதிக்கு மேல் வெறிச்சோடிக் கிடந்தது. ஒருநாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று யுவராஜ் சிங் ட்விட்டரில் கவலைப்பட்டார். செத்தது எது என்பது திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர்க் கேரள விளையாட்டுத் துறை அமைச்சர் வி. அப்துரஹிமான் திருவாய் மலர்ந்திருந்தார். நுழைவுச் சீட்டின்மீதான கேளிக்கை வரி 5 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்ததைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டாம் என்ற பொருளில் அவர் விடையளித்தார். அந்தச் சொற்றொடர் ஒரே நாளில் மாநிலமெங்கும் பரவியது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே, திருவனந்தபுரத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான பன்னியன் ரவீந்திரன் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் வழக்கம்போல எல்லாம் அடங்கிப்போயின.

சொன்னவர் மறந்துவிடலாம், கேட்டவர் மறக்கக் கூடாத சொற்றொடர் அது. ஏனெனில் விளையாட்டு யாருக்கு, அரசு யாருக்கு என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அது ஒருசேர விடை சொல்லிவிட்டது. அந்த விடை தவறானது என்பதோடு நில்லாமல், அதைக் கண்டித்தவர்களும் பாதி உண்மையையே பேசினார்கள் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலில் சொல். மலையாளத்தின் 'பட்டிணி'யும் தமிழின் 'பட்டினி'யும் ஒரே சொல். இடையில் மாறியிருப்பது ஒரு மூக்கொலி மட்டுமே. இரு மொழிகளிலும் இச்சொல் இரண்டு வினைகளோடு சேரும். ஒன்று 'பட்டினி கிடத்தல்'. மற்றொன்று 'பட்டினி போடுதல்', மலையாளத்தில் 'பட்டிணிக்கிடுக'. முதல் தொடரில் எழுவாய் பசித்தவன் மட்டுமே. அவனைப் பசிக்க வைத்தவனுக்கு அதில் இடமில்லை. இரண்டாவது தொடரிலோ போட்டவன் யார் என்று சொல்லாமல் தப்ப முடியாது. ஆட்சியில் இருப்போர் எந்நாளும் முதல் வினையையே விரும்புகிறார்கள். பட்டினி மழையைப்போல, வெயிலைப்போல ஓர் இயற்கை நிலையாகிவிடுகிறது. அதில் சிலர் 'கிடக்கிறார்கள்'. அவர்களுக்கு அமைச்சர் அறிவுரை கூறுகிறார்.

அந்த 'வேண்டாம்' என்பதும் கவனத்துக்குரியது. தேவையில்லை என்பதற்கும் கூடாது என்பதற்கும் பேச்சில் ஒரே வடிவம்தான். அமைச்சர் 'போக வேண்டிய தேவையில்லை' என்றுதான் கருதினார் எனச் சிலர் வாதாடினார்கள். இருக்கலாம். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் இல்லாதவரை நோக்கித் 'தேவையில்லை' என்று சொன்னால் அது 'கூடாது' என்றே கேட்கும். கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் அரசுப் பாட்டையிலும் 'நீ வர வேண்டாம்' என்ற சொல்லை நூற்றாண்டுகளாகக் கேட்டுப் பழகிய மண் திருவிதாங்கூர். அய்யன்காளி வில்வண்டியில் ஏறி எதிர்கொண்டதும் அந்த 'வேண்டாம்' என்பதைத்தான்.

இதைச் சொன்னவர் ஓர் இடதுசாரி அரசின் அமைச்சர் என்பது கசப்பைக் கூட்டுகிறது. மலையாள அரசியல் சொல்லகராதியில் 'பட்டிணி' என்ற சொல்லுக்குத் தனிப் பெருமை உண்டு. 1936-இல் ஏ.கே. கோபாலன் தலைமையில் கண்ணூரிலிருந்து சென்னை வரை நடந்தே சென்ற ஊர்வலத்துக்குப் பெயர் 'பட்டிணி ஜாதா'. பசித்தவர்கள் தங்கள் பசியை மறைக்காமல், அதையே கொடியாகப் பிடித்துக்கொண்டு, தலைநகரின் வாசலில் போய் நின்ற நிகழ்வு அது. 'கிடக்க' வேண்டியவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த மரபின் வழிவந்த ஓர் அரசில், 87 ஆண்டுகள் கழித்து, பசித்தவர்கள் வர வேண்டாம் என்று ஒரு குரல் கேட்டது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்பது சிறிய செய்தி. அந்தச் சொல்லின் வரலாறு அக்கூட்டணிக்கு நினைவில் இல்லாமற்போனது பெரிய செய்தி.

இனிக் கணக்கு. கண்டனம் செய்தோர் பெரும்பாலும் தொடாத பகுதி இதுதான்.

மேல்தளச் சீட்டின் அடிப்படை விலை ரூ. 1,000, கீழ்த்தளத்துக்கு ரூ. 2,000. சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு, கேளிக்கை வரி 12 விழுக்காடு. ஆக, மேல்தளத்தில் அமர ஒருவர் ரூ. 1,300 செலுத்த வேண்டியிருந்தது. இதில் சரக்கு மற்றும் சேவை வரியின் பங்கு ரூ. 180. கேளிக்கை வரி ரூ. 120. அது பழையபடி 5 விழுக்காடாகவே இருந்திருந்தால் ரூ. 50. அதாவது மாநிலமே கொந்தளித்த வரி உயர்வின் பளு, மேல்தளப் பார்வையாளர் ஒருவருக்கு ரூ. 70. எஞ்சிய ஆயிரம் ரூபாயை விதித்தது எந்த அரசும் அன்று. கேரள கிரிக்கெட் சங்கம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசமைப்பின் 101-ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசுகள் நேரடியாகக் கேளிக்கை வரி விதிக்க இயலாது; ஊராட்சிகளும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் விதித்துத் தாமே பெற்றுக்கொள்ளும் அளவுக்கு மட்டுமே அந்த அதிகாரம் எஞ்சியிருக்கிறது. ஆகவே இந்த வரி தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் குப்பை அகற்றலுக்கும் பொறுப்பான உள்ளாட்சியின் வருவாய். ஆட்டம் முடிந்த இரவில் அரங்கைச் சுற்றிக் குவியும் குப்பையை அள்ளுவது கிரிக்கெட் வாரியம் அன்று. அந்த வரியைக் கேட்பதில் தவறே இல்லை. முந்தைய முறை அளித்த சலுகையின் பயன் மக்களைச் சென்றடையவில்லை என்று அமைச்சர் தரப்பு வைத்த வாதமும் புறந்தள்ளத் தக்கதன்று. சரியான வாதம் கையில் இருந்தும், அதை விட்டுவிட்டு ஏழையின் வயிற்றைச் சுட்டிப் பேசியதுதான் அவர் செய்த பிழை.

மறுபுறம், ஒன்றிய அரசின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணம் ரூ. 500-ஐத் தாண்டாவிட்டால் அந்த வரி இல்லை. மேல்தளச் சீட்டை ரூ. 500-க்கு விற்றிருந்தால், 12 விழுக்காடு கேளிக்கை வரியையும் சேர்த்து மொத்த விலை ரூ. 560 ஆகியிருக்கும். அமைச்சரின் நாவும் மாநகராட்சியின் வரியும் அப்படியே இருந்திருந்தாலும், சீட்டின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். அதைச் செய்ய அமைச்சரின் இசைவு எதற்கு? சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தால் போதும்.

முடியாத காரியமா என்றால், இல்லை. 2022 ஜூனில் ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமையை மட்டும் ரூ. 48,390 கோடிக்கு விற்ற வாரியத்தின் உறுப்புச் சங்கம் அது. வாரியத்தின் செல்வத்துக்கு ஊற்று தொலைக்காட்சி. வாசலில் விற்கும் சீட்டு அன்று. தொலைக்காட்சிக்குத் தேவைப்படுவதோ நிரம்பிய அரங்கு. அதனால்தான் காலி இருக்கைகளைக் கண்டு வாரியம் பதறியது. மக்கள் வரவில்லையே என்ற வருத்தமன்று அது. பின்னணிக் காட்சி கெட்டுவிட்டதே என்ற வருத்தம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 2022 செப்டம்பர் 28 அன்று இதே அரங்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்துக்கு மேல்தளச் சீட்டே ரூ. 1,500, அன்று அரங்கு நிரம்பி வழிந்ததே என்பார்கள். உண்மைதான். ஆகவே விலை ஒன்றே காலி இருக்கைகளுக்குக் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. தொடரை இந்தியா முன்னரே 2-0 என வென்றிருந்தது. முந்தைய நாள் சபரிமலையில் மகரவிளக்கு, அன்று பொங்கல். பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடப்படும் கேரள மாவட்டங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. கரமனையிலும் வலியசாலையிலும் அன்று அடுப்பங்கரையில் வேலை இருந்தது. ஐம்பது ஓவர் ஆட்டத்தின்மீதே ஆர்வம் தேய்ந்தும் வருகிறது. இத்தனையும் சேர்ந்து ஊசலாடிக்கொண்டிருந்த மனங்களை அமைச்சரின் சொல் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம். வாங்கும் வசதி உள்ளவரும் வாங்காமல் இருந்தார்கள். காரணம் வறுமையன்று, தன்மானம்.

அந்தத் தன்மானத்தைச் சசி தரூர் குறைசொன்னார். புறக்கணிக்க வேண்டியது அமைச்சரை, ஆட்டத்தையன்று என்பது அவருடைய கருத்தின் சாரம். கேட்க நயமாக இருக்கிறது, பொருந்தவில்லை. குடிமக்கள் அமைச்சரைப் புறக்கணிக்கும் வாய்ப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதுவும் அவருடைய தொகுதியான தானூரின் வாக்காளர்களுக்கு மட்டும். திருவனந்தபுரத்து இளைஞனின் கையில் இருந்த ஒரே வாக்குச் சீட்டு, அவன் வாங்காமல் விட்ட நுழைவுச் சீட்டு. அதை அவன் பயன்படுத்தினான். அதன் விளைவாக நகரம் இனி ஆட்டங்களை இழக்கும் என்று பயமுறுத்தினார்கள். அவ்வாண்டு உலகக் கோப்பையில் காரியவட்டத்துக்குக் கிடைத்தவை பயிற்சி ஆட்டங்கள் மட்டுமே. இந்தியா ஆடவிருந்த பயிற்சி ஆட்டத்தையும் மழை கொண்டுபோனது. ஆயினும் சுயமரியாதைக்கு அது அதிக விலையன்று.

இனி நிலத்தின் கதை. காரியவட்டம் அரங்கு நிற்பது கேரளப் பல்கலைக்கழகத்தின் வளாக நிலத்தில். 2015-இல் கேரளம் நடத்திய 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அது எழுப்பப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று தொடக்க விழாவும் அங்கேயே நடந்தது. 2016 ஜனவரியில் தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஆப்கானிஸ்தானை இந்தியா 2-1 என வென்றதும் அதே புல்தரையில்தான். அதாவது அது எல்லா விளையாட்டுக்கும் உரிய பொது இடமாகப் பிறந்தது. பின்னர் நாளடைவில் கிரிக்கெட்டின் அரங்காக மாறிப்போனது. 2022 செப்டம்பரில் பன்னாட்டு ஆட்டம் நெருங்கிய வேளையில், கோடிக்கணக்கான ரூபாய் மின்கட்டண நிலுவைக்காக மின்வாரியம் அரங்கின் மின் இணைப்பைத் துண்டித்தது. பொது நிலத்தில், பொதுத் தேவைக்காகக் கட்டிய அரங்கு. கட்டணப் பாக்கிக்கு யார் பொறுப்பு என்பதில் மட்டும் ஆளுக்கு ஆள் விரல் நீட்டினார்கள். இலாபத்தின்போது சங்கம் தனியார். பாக்கியின்போது எல்லாம் பொது.

இந்த இரட்டை நிலையைச் சங்கங்கள் கவனமாகப் பேணி வருகின்றன. கிரிக்கெட் வாரியம் அரசமைப்பின் 12-ஆவது உறுப்பின்படி 'அரசு' அன்று என உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. ஆனால் அது ஆற்றுவது பொதுப்பணி என்று 2015-இல் உறுதிபடக் கூறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்த வேண்டும் என்று 2018-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் அந்தக் கதவைத் திறக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. முதலில் அறிமுகமான முன்வரைவின்படி அங்கீகாரம் பெற்ற எல்லா அமைப்புகளும் தகவல் தரக் கடமைப்பட்டவை. நிறைவேறிய வடிவிலோ அரசு நிதி பெறும் அமைப்புகள் மட்டுமே. அரசு நிதி தேவைப்படாத ஒரே பெரிய விளையாட்டு அமைப்பு எது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாநிலத்தில் ஓர் அமைச்சர் ஏழைகளை வாசலில் நிறுத்தினார் என்று கண்டித்த கட்சி, தில்லியில் குடிமக்கள் அனைவரையும் வாசலில் நிறுத்திவிட்டது. இரண்டில் எது பெரிய அவமதிப்பு என்பதை அக்கட்சிக்காரர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கணக்குக் கேட்க முடியாத அமைப்பு தன் ஆட்டக்காரர்களையும் எவ்வாறு நடத்தும் என்பதற்குச் சஞ்சு சாம்சன் விவகாரம் சான்று. விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளை என்னும் கடற்கரை ஊரிலிருந்து எழுந்து வந்தவர் அவர். 2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மூன்று இருபது ஓவர் சதங்கள் அடித்தார். ஆயத்த முகாமுக்கு வரவில்லை என்ற காரணத்தால் அவரை விஜய் ஹசாரே போட்டிக்கான கேரள அணியில் சேர்க்கவில்லை. 2025 ஜனவரியில் அறிவித்த சாம்பியன்ஸ் கோப்பை அணியிலும் அவர் பெயர் இல்லை. ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு முகாமுக்கு வராமல் இருந்தார் என்றது சங்கம். முகாமுக்கு வராதது தவறென்றால் அதற்கு விதி இருக்க வேண்டும். அந்த விதி எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். அதை யாரும் படித்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அத்தனையும் இருந்தால் சாம்சனே ஆனாலும் நீக்கலாம். அது இல்லாதவரை, ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஊடலுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. சாம்சனுக்காகப் பேசிய முன்னாள் வீரர் ஸ்ரீசாந்தைச் சங்கம் மூன்றாண்டு இடைநீக்கம் செய்ததோ, அந்த வேறுபாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. ஸ்ரீசாந்தின் பழைய வரலாறு எதுவாயினும், கருத்துச் சொன்னதற்குத் தண்டனை என்பது சங்கத்தின் வலிமையைக் காட்டவில்லை, அச்சத்தைக் காட்டுகிறது.

கிரிக்கெட் பணக்கார விளையாட்டு, கால்பந்துதான் மக்கள் விளையாட்டு என்று ஆறுதல் கொள்வோரும் கேரளத்தில் நிறைய. அவர்களுக்கு அதே அமைச்சர் வேறொரு காட்சியைக் காட்டினார். லியோனல் மெஸ்ஸியும் அர்ஜென்டினா அணியும் கேரளம் வரப்போகிறார்கள் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஓராண்டு முழுவதும் அறிவிப்பும் மறுப்பும் மறு அறிவிப்புமாகக் கழிந்தது. 2025 நவம்பரில் கொச்சியில் ஆட்டம் என்றார்கள். பிறகு தள்ளிவைப்பு என்றார்கள். அந்த நவம்பரில் அர்ஜென்டினா அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் ஆடியது, கொச்சிக்கு வரவில்லை. மறுமாதம் மெஸ்ஸி இந்தியாவுக்கே வந்தார். கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில், அரசியல்வாதிகளும் பிரமுகர்களும் சூழ்ந்து நின்றதால் அவரைக் காணவே முடியாத மக்கள் இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். முதல்வர் மம்தா பானர்ஜி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கொச்சியில் வராத மெஸ்ஸியும் கொல்கத்தாவில் வந்த மெஸ்ஸியும் சொல்வது ஒன்றுதான்: ஆட்சியாளர்களுக்கு விளையாட்டு என்பது விளையாடுவோரும் அன்று, பார்ப்போரும் அன்று, அருகில் நின்று எடுத்துக்கொள்ளும் படம்.

பட்டினி என்ற சொல்லுக்கு மீண்டும் வருவோம். 2025 நவம்பர் 1, கேரளம் உருவான நாளில், மாநிலம் அதிவறுமையிலிருந்து விடுபட்டுவிட்டது என்று முதல்வர் பினராயி விஜயன் சட்டப்பேரவையில் அறிவித்தார். 64,006 குடும்பங்களை இனங்கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் வகுத்துச் செய்த பணி அது. அதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு எதிர்க்கட்சி அவையைப் புறக்கணித்தது சோம்பேறி அரசியல். ரேஷன் அட்டையும் அடையாள அட்டையும்கூட இல்லாத மனிதர்களைத் தேடிப்போய்க் கண்டெடுப்பது எந்த அரசுக்கும் எளிய காரியமன்று. இந்தியாவின் பல மாநிலங்கள் அந்தத் தேடலைத் தொடங்கக்கூட இல்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த அறிவிப்பு ஒலித்த அதே நகரில், தலைமைச் செயலகத்தின் வாசலில், 2025 பிப்ரவரி 10 முதல் எட்டரை மாதங்களுக்கும் மேலாக ஆஷா பணியாளர்கள் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தார்கள். போராட்டம் தொடங்கியபோது அவர்களுடைய மாத மதிப்பூதியம் ரூ. 7,000; கேட்டது ரூ. 21,000. இடையில் உண்ணாநோன்பும் இருந்தார்கள், தலைமுடியையும் வெட்டிக்கொண்டார்கள். இறுதியில் கிடைத்த உயர்வு ரூ. 1,000. ஒன்றிய அரசு இவர்களைப் பணியாளர் என்று ஏற்பதில்லை, 'தன்னார்வலர்' என்கிறது. ஆகவே கொடுப்பது கூலியாகாது, 'மதிப்பூதியம்' ஆகிவிடுகிறது. மாநில அரசு அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டித் தில்லியைக் கைகாட்டுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்ணின் ஊதியத்தை இரண்டு அரசுகளும் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் ஒளித்துவைக்க முடிகிறது.

காரியவட்டத்தின் மேல்தளச் சீட்டு விலையான ரூ. 1,300-ஐ இந்த ரூ. 7,000-க்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக நால்வர் ஆட்டம் பார்த்தால் ரூ. 5,200. ஏறத்தாழ ஒரு மாத மதிப்பூதியத்தின் நான்கில் மூன்று பங்கு. அந்தப் பெண் பட்டினி கிடப்பவள் அல்லள். அதிவறுமைப் பட்டியலிலும் அவள் பெயர் இராது. ஆனால் அரங்கின் வாசலில் அவளும் வேண்டாதவள்தான். பட்டினிக்கும் செல்வத்துக்கும் நடுவே இருக்கும் இந்தப் பெருங்கூட்டத்தையே அமைச்சரின் சொல் ஒரேயடியாகத் தள்ளி வைத்தது. ஒரு நாள் கூலியோ ஒரு வார ஊதியமோ கணக்குப் பார்க்காமல் செலவழிக்க முடியாத எவரும் அந்தச் சொல்லில் தம்மை அடையாளங்கண்டார்கள். அதனால்தான் அது அவ்வளவு பேருக்கு வலித்தது.

பசித்தவனுக்கு முதலில் சோறு, பிறகு ஆட்டம் என்பது கருணையுள்ள வாதம்போலத் தோன்றும். அது கருணையன்று. பசி தீரும்வரை மனிதனுக்கு மகிழ்ச்சி வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது? கோவளத்திலும் பூந்துறையிலும் மணலில் பந்து உதைக்கும் சிறுவர்கள் வயிறு நிறைந்த பிறகா விளையாட வருகிறார்கள்? இந்த மாநிலத்தின் ஓட்டக்காரர்களும் கால்பந்து வீரர்களும் பெரும்பாலும் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதை விளையாட்டுத் துறையின் கோப்புகளே சொல்லும். பசித்த வீடுகள் ஆட்டக்காரர்களைத் தரலாம், ஆட்டம் பார்க்க மட்டும் வரக் கூடாது என்றால், அது விளையாட்டுக் கொள்கையன்று. பழைய சாதிக் கட்டுப்பாட்டின் புதிய பதிப்பு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பல்கலைக்கழக நிலத்தில் நிற்கும் அரங்கில் நடக்கும் ஒவ்வொரு பன்னாட்டு ஆட்டத்திலும் குறிப்பிட்ட பங்கு இருக்கைகள் ரூ. 500-க்கு மிகாமல் விற்க வேண்டும் என்பதை அரங்கின் பயன்பாட்டு ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மாணவர்களுக்கும் ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் அதில் முன்னுரிமை தரலாம். கேளிக்கை வரியில் சலுகை கேட்கும் சங்கம், அந்தச் சலுகை சீட்டின் விலையில் எத்தனை ரூபாய் குறைத்தது என்று மாநகராட்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வரியாக வந்த தொகை எந்தப் பள்ளியின் மைதானத்துக்குப் போனது என்று மாநகராட்சி மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அரசுப் பணம் பெறாவிட்டாலும் பொது நிலத்தைப் பயன்படுத்தும் விளையாட்டுச் சங்கம் எதுவாயினும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட வேண்டும் என்று கேரளச் சட்டப்பேரவை ஒரு தீர்மானமாவது இயற்றலாம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஆதரிக்கத் தடையேதும் இல்லை, இரு தரப்பினரும் சங்க நிர்வாகத்தில் இல்லாதிருந்தால்.

காரியவட்டம் வளாகத்தின் ஆய்வு மாணவர்கள் பலருடைய உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகவே வருகிறது. விடுதியிலிருந்து அரங்கின் விளக்குக் கம்பங்கள் தெரியும். ஆட்ட நாளில் ஆரவாரமும் கேட்கும். தங்கள் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் நடக்கும் ஆட்டத்தை விடுதித் தொலைக்காட்சியில் பார்க்கும் அவர்களும், அமைச்சரின் கணக்குப்படி, போக வேண்டாதவர்கள்தான். அடுத்த ஆட்டத்துக்கான சீட்டு விலையை அறிவிக்கும்போது சங்கமும் மாநகராட்சியும் விளையாட்டுத் துறையும் அந்த விடுதியின் வாசலில் நின்று அதை அறிவிக்கட்டும். அங்கே சொல்லக் கூசாத விலையே நியாயமான விலை.